இடது பக்கத்து வலைப்பொட்டு

அவர் ஆட்களை முகத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார். காதை வைத்துத்தான். ரத்தப் பரிசோதனைக்கு வந்துபோனவர் நான்கு மாதம் கழித்து மறுபடி படியேறி வந்தால், "நீங்கதான அந்த வளைஞ்ச துவாரக்காரரு?" என்று கேட்பார். வந்தவர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்ப்பார். "அவரு அப்படித்தாங்க, நீங்க ஒக்காருங்க" என்று நான் சொல்லிவைப்பேன். ஒன்பது வருஷம் அந்த லேப்பில் எனக்கு இதுவும் ஒரு வேலையாக இருந்தது.

கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்து. கீழே மருந்துக்கடை, மாடியில் எங்கள் லேப். அவர் டெக்னீஷியன். நான் பில் போட்டு, ரிப்போர்ட் டைப் செய்து, கவரில் போட்டுக் கொடுப்பவள். முருகேசன் என்று ஒரு டிரைவர், வெளியூர் சாம்பிள்களை ஐஸ் பெட்டியில் எடுத்து வருவான். அவ்வளவுதான் நாங்கள். என் மேஜை அவருடைய மேஜைக்கு இடது பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் யாரும் எனக்காகப் பரிதாபப்பட வேண்டாம்.

நான் சேர்ந்த புதிதில், போனோடு சும்மா வந்த இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்டபடி டைப் செய்துகொண்டிருந்தேன். அவர் வந்து எதிரே நின்று உள்ளங்கையை நீட்டினார்.

"குடும்மா அத. இத காதுல வச்சிக்கினு எப்படி நீ ஒக்காந்துகினு இருக்கற?"

பிடுங்காத குறைதான். இரண்டு நாள் கழித்து, சாம்பிள் போடும் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். மாட்டிக் கேட்டேன். இருபது வருஷமாகக் கேட்ட பாட்டு அது. தபேலாவுக்குப் பின்னால் யாரோ சலங்கை ஆட்டிக்கொண்டிருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பின்னால் நடந்ததை வைத்து அவர் வித்தையே பொய் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வித்தை பெரிய வித்தை இல்லை. காதுக்குள் போகும் ரப்பரைக் கழற்றினால் ஒரு சின்னக் குழாய் வாய் தெரியும். அதன் மேல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வலை ஒட்டியிருக்கும். சத்தம் அந்த வலை வழியாகத்தான் வடிந்து வர வேண்டும். வலை அகலமாக இருந்தால் சத்தம் கூர்மையாக வந்து குத்தும். ரொம்ப நெருக்கமாக இருந்தால் போர்த்திக்கொண்டு பேசுகிற மாதிரி மந்தமாக வரும். கம்பெனிக்காரன் ஊரில் உள்ள எல்லாக் காதுக்கும் ஒரே வலையை ஒட்டி அனுப்புகிறான் என்பதுதான் அவருடைய தீராத கோபம். மாற்று வலைகளைக் கூரியரில் வரவழைப்பார். வட்ட வட்டமாக, பின்னால் பசையோடு, ஸ்டிக்கர் பொட்டு போலவே அட்டையில் வரிசையாக இருக்கும். அதனால் எங்களுக்கு அது வலைப்பொட்டு. ஒன்று முதல் ஐந்து வரை நம்பர். ஒன்று அகலம், ஐந்து நெருக்கம்.

லேப் இடுக்கியால் பழைய வலையை உரித்து, மலேரியா பார்க்கும் அதே மைக்ராஸ்கோப்பில் அதை வைத்து வலைக் கண்களை எண்ணுவார். புதியதை ஒட்டி, தன் காதில் மாட்டி, எப்போதும் கேட்கும் அதே ஒரு பாட்டை ஓடவிடுவார்.

"வயலின் வந்தா பல்லு கூசக் கூடாது. பாடற ஆளு மூச்சு வாங்கறது கேக்கணும், எச்சி முழுங்கறது கேக்கக் கூடாது. அதாம்மா கணக்கு."

சரியாக வரும்வரை உரித்து உரித்து ஒட்டுவார். பிறகு ரத்தக் குப்பிக்கு எழுதுவது போலவே உறையில் சீட்டு ஒட்டுவார். பெயர், தேதி, இடதுக்கு எல் மூன்று, வலதுக்கு ஆர் மூன்று. அதையே ஒரு நோட்டிலும் எழுதிக்கொள்வார். காசு மட்டும் வாங்க மாட்டார். பக்கத்து கிளினிக் நர்சுகள், மருந்துக்கடைப் பையன்கள், முருகேசன் என்று எல்லாரும் அவரிடம் கொடுத்தார்கள். சும்மா செய்து கொடுப்பவரிடம் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. எங்கள் எல்லாருக்கும் அது ஒரு சௌகரியமாகப் போய்விட்டது.

லேப்பில் தினமும் காலையில் மெஷினைப் போட்டதும் முதலில் கண்ட்ரோல் ஓட்ட வேண்டும். அளவு தெரிந்த ஒரு திரவத்தைக் கொடுத்து, மெஷின் அதே அளவைச் சொல்கிறதா என்று பார்ப்பது. அது தப்பினால் அன்றைக்கு வருகிற ரிப்போர்ட் எல்லாமே தப்பு. அதில் அவர் கறாரானவர். கண்ட்ரோல் சரியாக வராமல் ஒரு சொட்டு ரத்தம் மெஷினுக்குள் போகாது. முதலாளியே வந்து அவசரப்படுத்தினாலும், "கண்ட்ரோல் வரட்டும் சார்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"இயர்போனுக்கு இன்னாண்ணா கண்ட்ரோல்?" என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன்.

"எங்காதுதான்" என்றார். "மெஷின் தப்புப் பண்ணும். மருந்து தப்புப் பண்ணும். எங்காது பண்ணாது."

இதுதான் அவர். இதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை என்றுகூட எனக்குத் தோன்றும். ஊர் களமருதூர், தினமும் பஸ்ஸில் வந்து போவார், கொஞ்சம் நெல் நிலம், மனைவி, கல்யாணமாகிப் போன ஒரு பெண். மெஷின்மேல் இருந்த சந்தேகத்தில் அரைக்கால் பங்கு தன்மேல் இருந்திருந்தால் அந்த ஆள் தப்பித்திருப்பார்.

நான்காம் வருஷமோ ஐந்தாம் வருஷமோ, அவர் செய்து கொடுத்த இயர்போன்களில் இடது பக்கம் தூக்கலாகக் கேட்க ஆரம்பித்தது. முதலில் லேசாகத்தான். எனக்கு மூன்றாம் முறை செய்து கொடுத்தபோது சீட்டில் எல் ஒன்று, ஆர் நான்கு என்று இருந்தது. மாட்டினால் வலது பக்கம் பஞ்சு அடைத்த மாதிரியும் இடது பக்கம் ஊசி வைத்துக் குத்துகிற மாதிரியும் இருந்தது.

"எப்படிக் கீது?"

"சூப்பர்ணா."

முருகேசனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "ண்ணா, லெப்ட்ல கொஞ்சம் ஜாஸ்தியா கேக்குது" என்று நேராகச் சொல்லிவிட்டான்.

"உன் வலது காதுல அழுக்கு அடச்சிக்கினு இருக்குது. போயி சுத்தம் பண்ணிக்கினு வா" என்றார். அதன் பிறகு ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. சாம்பிள் பெட்டியைக்கூட என்னிடம் சொல்லித்தான் வாங்கினார். அந்த ஒரு மாதத்தில் நாங்கள் எல்லாரும் பாடம் படித்துக்கொண்டோம்.

நான் படித்த பாடம் இன்னும் கேவலமானது. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் அவருடைய அட்டையிலிருந்து நான்காம் நம்பர் பொட்டு ஒன்றை எடுத்து, புருவம் திருத்தும் இடுக்கியால் என் இடது பக்கத்து வலையை உரித்துவிட்டு ஒட்டிக்கொண்டேன். இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கைக்கு அது ஒரு பெரிய காரியமாக இல்லை. இதைப் போய் நர்சுகளிடம் பெருமையாகச் சொன்னேன். அடுத்த வாரமே ஒருத்தி வந்து, "அக்கா, அண்ணன் செஞ்சிக் குடுத்தத கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்களேன்" என்றாள். அப்புறம் இன்னொருத்தி. அவர் செய்து அனுப்புவார், அவர் டீக்குப் போகும் கால்மணி நேரத்தில் அவர் மேஜையிலேயே, அவர் பொட்டை வைத்தே, நான் திருத்தி அனுப்புவேன். படியிறங்கும்போது எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். நானும் சிரித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய சொந்த இயர்போனில் இடது பக்கத்து வலை அடிக்கடி ஈரமாக ஆரம்பித்தது. உரித்துக் காட்டுவார். "பாரும்மா, பசையே நிக்கல. வேர்வைய உறிஞ்சிக்கினு அடச்சிக்குது. மட்டமான சரக்கு அனுப்பறான்." உள்ளதிலேயே அகலமான ஒன்றாம் நம்பரை ஒட்டியும் இடது பக்கம் கம்மியாகக் கேட்கிறது என்பார். கடைசியில் அந்தப் பக்கத்துக்கு வலையே இல்லாமல் வெறும் வாயாக விட்டுவிட்டார். மேஜையில் அவர் உரித்துப் போட்ட பொட்டில் ஒரு வாடை வரும். அவர் குனிந்தால் அவரிடமிருந்தே வரும். லேப்பில் எத்தனையோ நாற்றம் உண்டு, ஆனால் இது சீழ் நாற்றம் என்று தெரியாத அளவுக்கு நான் குழந்தை இல்லை. நான் செய்தது ஒன்றுதான். டேபிள் ஃபேனை அவர் பக்கம் காற்று போகிற மாதிரித் திருப்பி வைத்தேன்.

மாதம் ஒருமுறை வெள்ளிமலைக்கு ஜீப்பில் போவோம், முகாமில் ரத்தம் எடுக்க. மலையேற ஏறக் காது அடைத்துக்கொள்ளும். முருகேசனும் நானும் எச்சிலை முழுங்கிச் சரி செய்துகொள்வோம். அவர் மட்டும் இடது உள்ளங்கையால் காதை அழுத்திக்கொண்டு வெளியே பார்த்தபடி வருவார். வலிக்கிறதா என்று நாங்கள் கேட்டதில்லை. அவர் சொன்னதில்லை.

அப்படிப் போன ஒரு நாள், ஒரு மலைக்கார அம்மா ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தது. நாற்பத்தைந்து, ஐம்பது வயது இருக்கும். மடியில் சாமை மூட்டை. அவர் குனிந்து அந்த அம்மாவின் கையில் ரப்பரைக் கட்டினார். அந்த அம்மா முகத்தை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டது.

"யோவ், ஒங் காது அழுவிப்போயி இருக்குதுய்யா. எங்க ஆட்டுக் காதுல சீழ் வச்சப்ப இப்படித்தான் நாறிச்சி. பாக்காம வுட்டா மண்டைக்கு ஏறிக்கும்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். "வேர்வம்மா அது, பாட்டுக் கேக்கறேன் இல்ல" என்று அவர் சிரித்தார். ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிட்டார்.

முகாம் முடிந்து, முருகேசன் ஐஸ் பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தான். நானும் அவரும் டீக்கடை வாசலில் நின்றோம். டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஏம்மா, நீ எம் பக்கத்துலயேதான ஒக்கார்ற. நாத்தம் வருதா?"

அவர் எதையும் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. சொல்லத்தான் பார்த்திருக்கிறேன். அந்த மனுஷன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தன் கண்ட்ரோலைச் சரிபார்க்க வந்து நின்றார். என்னிடம் வந்து நின்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா" என்றேன்.

ஒருவரிடம் நாற்றம் அடிக்கிறது என்று சொல்வது மரியாதை இல்லை என்று நினைத்தேன். ஒரு மாதம் பேசாமல் போய்விடுவாரோ என்றும் நினைத்தேன். சீக்கிரம் மலையிறங்கி வீடு போய்ச் சேர வேண்டும் என்றும்கூட நினைத்தேன். எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த மலைக்கார அம்மாவுக்கு இல்லாத நாகரிகம் எனக்கு இருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தார்.

எட்டு மாதம் போயிற்று. ஒருநாள் காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவருக்கு வாயின் இடது ஓரத்தில் டீ ஒழுகிச் சட்டையில் வடிந்தது. அவருக்கே தெரியவில்லை. நான் சொல்லத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் பார்த்தேன், இடது கண் மூடவில்லை. எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். முருகேசன்தான் புதுச்சேரிக்கு ஓட்டிக்கொண்டு போனான். காதுக்குப் பின்னால் எலும்பை அரித்துவிட்டது, உடனே அறுக்க வேண்டும் என்றார்கள். உயிரைக் காப்பாற்றினார்கள். முகம் முக்கால்வாசி பழைய நிலைக்குத் திரும்பியது. இடது காது போனது போனதுதான். இரண்டு மூன்று வருஷம் முன்னால் கூட்டி வந்திருந்தால் காதையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

பார்க்கப் போயிருந்தேன். தலையைச் சுற்றிக் கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"நான் சொல்லிகினேதாம்மா இருந்தேன். தலகாணி உறையெல்லாம் நாறுதுங்க, ஒரு எட்டு டாக்டரப் பாருங்கன்னு. அவரு கேக்கல. லேப்புல அந்தப் பொண்ணு எம் பக்கத்துலயே ஒக்காந்துகினு இருக்குது, அதையே கேட்டேன், ஒண்ணும் இல்லன்னு சொல்லிடிச்சி, உனக்குத்தான் மூக்கு சரியில்லன்னாரு. உங்களச் சொல்லித்தாம்மா எங்கிட்ட ஜெயிச்சிகினு இருந்தாரு."

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. என்னிடம் நியாயம் கேட்கவும் இல்லை. "ஒங்களுக்கும் தெரியாமதான் போச்சி போல" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். நான் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் எலவனாசூர்கோட்டை வரும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்து, பிறகு ஜன்னல் வழியாக வெளியே போட்டேன்.

மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்தார். வந்த முதல் நாளே தன் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆரம்பத்தில் எல் மூன்று ஆர் மூன்று. கொஞ்சம் பக்கம் தள்ளி எல் இரண்டு ஆர் மூன்று. அப்புறம் எல் ஒன்று ஆர் நான்கு. வரிசையாக அவர் கையாலேயே தேதி போட்டு எழுதியிருந்தார். தன் காது எந்த வருஷம் எந்த மாதம் இறங்க ஆரம்பித்தது என்பதை அவர் ஒரு விரலை வைத்துப் படித்துக்கொண்டே போவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"எல்லார்கிட்டயும் சொல்லும்மா. நான் செஞ்சிக் குடுத்ததெல்லாம் தப்பு. கொண்டாந்து குடுக்கச் சொல்லு, மாத்திக் குடுத்துடறேன்."

தப்பான ரிப்போர்ட் போய்விட்டால் திரும்ப வாங்கி வேறு கொடுப்பது லேப் வழக்கம். அதைத்தான் அவர் செய்ய நினைத்தார். நர்சுகள் ஒவ்வொருத்தியாக அவரவர் இயர்போனைக் கொண்டுவந்து அவரிடமே கொடுத்துவிட்டார்கள். என்னுடையதை எப்படியாவது பழையபடி மாற்றி வைத்துவிடலாம் என்று, அட்டை அவர் கையிலேயே இருந்ததால், அன்றைக்கு உரித்துப் போட்ட ஒன்றாம் நம்பர் பொட்டைத் தேடினேன். கடுகளவு பொருளை நான்கு வருஷம் கழித்துத் தேடினால் எங்கே கிடைக்கும். சரி, ஒரு காதை வைத்துக்கொண்டு இடதையும் வலதையும் அவர் என்ன ஒத்துப் பார்க்கப் போகிறார் என்று துணிந்து கொடுத்தேன். பொட்டு மாற்றியதைக் கண்டுபிடிக்க அவருக்குக் காதே வேண்டாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் வைத்தார். சீட்டைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். பதினோரு இயர்போன். இடது பக்கம் எதிலும் அவர் ஒட்டிய வலை இல்லை. கடைசியாக என்னுடையதை வைத்து வெகுநேரம் பார்த்தார். காலை நேரம், ரிப்போர்ட் வாங்க ஏழெட்டுப் பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாம் ஒரே கை" என்றார், கண்ணை எடுக்காமல். "உன் கைதான?"

"ஆமாண்ணா."

"உன்னுத எப்ப மாத்தின?"

வருஷத்தைச் சொன்னேன். அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்து நேரே சுவரைப் பார்த்தார்.

"வெள்ளிமலைல நான் உன்னக் கேட்டனே. அதுக்கு முன்னாடியா, அப்பறமா?"

"முன்னாடிண்ணா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவருக்கும் கேட்கவில்லை. நான் உட்கார்ந்திருந்தது அவருடைய இடது பக்கம். நாற்காலியோடு திரும்பி, வலது காதை என் பக்கம் கொண்டுவந்து காத்திருந்தார்.

"முன்னாடியே மாத்திட்டேண்ணா" என்று சத்தமாகச் சொன்னேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் தலையை ஆட்டினார். வெள்ளிமலை டீக்கடையில் ஆட்டிய அதே மாதிரி. என் இயர்போனை உறையில் போட்டார். பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதுச் சீட்டில் என் பெயரையும் தேதியையும் எழுதினார். எல் நான்கு, ஆர் நான்கு. ஒட்டி, தேய்த்து, என் மேஜைமேல் வைத்தார்.

"நல்லாதான் ஒட்டியிருக்கற. கொஞ்சங்கூடக் கோணல் இல்ல" என்றார். பிறகு பெஞ்சைப் பார்த்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.